கூரை கழற்றிய ஹெரால்டு

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குக் கூரை கிடையாது. வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்தது. 1966 மாடல், இரண்டு கதவு வண்டி. பிற்பாடு வாங்கிய ஒருவர் போல்ட்டுகளைக் கழற்றிக் கூரையை எடுத்துவிட்டு, இரும்புக் கம்பி வளைத்து, ரெக்ஸின் தைத்து, மடக்குகிற மாதிரி ஒரு டாப் போட்டார். கழற்றிய கூரை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காயலான் கடையில் எடை போட்டார்களோ.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "என்ன வண்டி மேடம், ஃபாரினா?" என்று கேட்பார்கள். மெட்ராஸ் வண்டி என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அம்பாசடருக்குக் கல்கத்தா, ஃபியட்டுக்கு பம்பாய், ஸ்டாண்டர்டுக்கு மெட்ராஸ்: ஒரு காலத்தில் இந்த நாட்டில் கார் என்றால் இந்த மூன்றுதான். முதல் இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நம் ஊர் வண்டியை நம் ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1948-ல் இங்கே தொடங்கியது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு எயிட், டென் என்று வரிசையாகச் செய்து, 1961 முதல் ஹெரால்டு. பிறகு நான்கு கதவு ஹெரால்டு, எழுபதுகளில் கெஸல். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய வண்டியை இறக்கிப் பார்த்தார்கள், போகவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் கார் தயாரிப்பே நின்றுபோனது.

சரி, கூரை ஏன் போனது?

ஜானவாசத்துக்காக. இப்போதைய கல்யாணங்களில் அது ரொம்பக் குறைந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து சத்திரத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவார்கள். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் கேஸ் லைட்டு, நடுவில் மெல்ல ஊர்ந்து வரும் திறந்த கார். அதில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை, அவரைச் சுற்றி இடம் பிடித்துக்கொண்ட வாண்டுகள். இதற்குத் திறந்த கார் வேண்டும். அந்த நாளில் வெளிநாட்டிலிருந்து ஒரு கன்வெர்ட்டிபிளை இறக்குமதி செய்வதெல்லாம் சாதாரணக் குடும்பம் கனவில்கூட நினைக்கக்கூடிய காரியம் இல்லை. இங்கே செய்த மூன்று கார்களில் எந்த வண்டியின் கூரை சுலபமாகக் கழலும் என்று பார்த்தால், ஹெரால்டு. அப்படித்தான் மயிலாப்பூரில் வாடகைக்கு வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையில் இது திறந்த காராக மாறியது. எத்தனை மாப்பிள்ளைகள் இதில் மாட வீதி சுற்றினார்களோ!

அம்மா இதை வாங்கியது எழுபதுகளின் கடைசியில். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. கையில் இருந்த பணத்துக்கு நல்ல கூரை உள்ள கார் எதுவும் கிடைக்கவில்லை. ஜானவாசக்காரர் பெரிய வண்டி ஒன்று வாங்கியிருந்ததால் இதைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்க முடியாத வண்டியை யார் வாங்குவார்கள்? விலை மளமளவென்று இறங்கியது. அம்மாவுக்கு அது போதும். அப்பா கடைசிவரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. இடது சீட்டில் இந்து பேப்பரை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்றில் பேப்பரை விரிக்க முடியாது. ஆனாலும் தினமும் எடுத்துக்கொண்டு ஏறுவார்.

இந்த வண்டிக்கு ஏன் கூரை தனியாகக் கழல்கிறது என்பதற்குப் பின்னால் உள்ள கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெரால்டை முதலில் உருவாக்கிய ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனி இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் இருந்தது. தன் கார்களுக்கான பாடியை ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த புதுக் காருக்கு முழு பாடியையும் ஒரே கூடாக வெல்டு செய்து கொடுக்க ஆள் இல்லை. மற்றவர்களெல்லாம் தனி சேஸிஸை விட்டுவிட்டு ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே திரும்பினார்கள். அடியில் தனி சேஸிஸ். மேலே வெவ்வேறு பட்டறைகளில் செய்து வந்த துண்டுகள். எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டியதுதான். அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜோவான்னி மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் ஹெரால்டு வந்தது. கூரை ஒரு தனித் துண்டு என்பதால் அதே உடம்பில் செடான், கூப்பே எல்லாம் செய்ய முடிந்தது. 1960-ல் கம்பெனியே கன்வெர்ட்டிபிளும் இறக்கியது. துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு வேறு தேசத்துக்கு அனுப்பி, அங்கே பூட்டிக்கொள்வதற்கும் இந்த அமைப்பு ரொம்ப வசதி. மெட்ராஸுக்கு இது வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, கவென்ட்ரியில் ஒரு கம்பெனிக்கு பாடி செய்ய ஆள் கிடைக்காமல் போனதால் மயிலாப்பூர் மாப்பிள்ளைகளுக்கு ஊர்வலக் கார் கிடைத்தது, எங்கள் அம்மாவுக்கு ஒரு கார் கிடைத்தது. ஹெரால்டின் குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. போல்ட் இருக்கிற இடத்திலெல்லாம் இடுக்கு உண்டு. இடுக்கில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் துரு பிடிக்கும். புது வண்டியிலேயே மழைநீர் உள்ளே வரும் என்று இங்கிலாந்தில் குறைபட்டுக்கொண்டார்கள். கூரையே இல்லாத எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மழை வந்தால் செய்யும் வேலையைச் சொல்கிறேன். வண்டியை ஓரம் கட்ட வேண்டும். பின் சீட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும் டாப்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, கம்பிகளை நிமிர்த்தி, முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் பித்தளைக் கொக்கிகளில் மாட்ட வேண்டும். வலது கொக்கி உடனே மாட்டும். இடது கொக்கிக்கு ரெக்ஸின் எட்டாது. ஒருவர் உள்ளேயிருந்து கம்பியை முழங்கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கினால்தான் எட்டும். அப்படியும் இடது மூலையில் ஒரு விரல் அளவு இடைவெளி நிற்கும். அதன் வழியாக ஒழுகும் தண்ணீர் நேராக இடது சீட்டுக்காரரின் முழங்காலில் விழும். அங்கே அப்பா ஒரு டர்க்கி டவலைச் சுருட்டிச் செருகுவார். நனைந்ததும் வெளியே பிழிந்துவிட்டு மறுபடியும் செருகுவார். அந்தத் துண்டுக்கென்றே கிளவ் பாக்ஸில் இடம் உண்டு. புது ரெக்ஸின் பலமுறை போட்டாயிற்று. குஷன் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் அளவெடுக்கிறார். அந்த மூலை மட்டும் மூடுவதில்லை. கம்பியை வளைத்ததிலேயே கோணல். அதை மாற்றினால் டாப் மடங்காது.

கூரை போனதில் இன்னொரு கேடு கதவுகளுக்கு. கம்பெனி செய்த கன்வெர்ட்டிபிளில், கூரை இல்லாததை ஈடுகட்டக் கதவுக்குப் பின்னால் உள்ள தூணுக்கு முட்டுக்கொடுத்திருப்பார்கள். எங்கள் ஜானவாசக்காரர் கழற்றினாரே தவிர முட்டு எதுவும் கொடுக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் உடம்பு லேசாக முறுக்கிக்கொள்ளும், டிரைவர் பக்கக் கதவு 'டக்'கென்று பூட்டு விட்டுவிடும். அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைக் கதவின் உள்பக்கம் திருகாணி போட்டுப் பொருத்திவிட்டார். இன்றைக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் கை முதலில் போவது அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான். அப்புறம்தான் சாவி.

அடிப்பக்கம் வேறு கதை. ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினால், இடுப்பில் தூக்கிய குழந்தை காலை மடக்கிக்கொள்கிற மாதிரி, இரண்டு பின் சக்கரங்களும் உள்ளே சாய்ந்துகொள்ளும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக ஆடுகிற ஆக்சில், குறுக்கே ஒரே ஒரு லீஃப் பட்டை. வளைவில் வேகமாகப் போய் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிச் சக்கரம் மடங்கப் பார்க்கும். இந்த அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவே இல்லை. கெஸல் வந்தபோது கம்பெனி சாதாரண ஆக்சிலுக்கே மாறிவிட்டது. சீட் பெல்ட்டும் இல்லாத வண்டி என்பதால் நாங்கள் நாற்பதுக்கு மேல் போவதில்லை. 948 சிசி இன்ஜின் அதற்கு மேல் நம்மை வற்புறுத்துவதும் இல்லை.

முன் சக்கரத்தில் டிரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பத்தின் அடிமுனை, மரை போட்டு அதற்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுற்றும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் உள்ளே இறுகிப்போய் மரைக்குப் பாதை அடைத்துவிடும். கம்பம் துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் அப்படியே மடங்கிவிடும். கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தவருக்கு எல்லா நிப்பிளும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் சர்வீஸுக்கு விடும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பது எங்கள் வீட்டு வழக்கம்.

குறையாகவே அடுக்கிக்கொண்டு போகிறேன். நல்லதையும் சொல்ல வேண்டும். முன் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற மொத்தமும் (பானட், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து) ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜின் முழுசாக வெட்டவெளியில் நிற்கும். குனிய வேண்டாம், தொங்க வேண்டாம். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். புதுப்பேட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் பாய் அப்படித்தான் உட்காருவார். ஏர் ஃபில்டர் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, பாயிண்ட் இடைவெளியை பிளேடு கேஜால் பார்ப்பார். "இப்ப வர்ற வண்டியில கைய விடவே எடமில்லம்மா. இது நம்மள உக்காரச் சொல்லி வேல வாங்குது" என்பார். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்கு உள்ள திருப்பம் அது. மயிலாப்பூர்ச் சந்துகளில் புதுக் கார்க்காரர்கள் முன்னும் பின்னும் நகர்த்தித் தவிக்கிற இடத்தில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு கம்பீரம் இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை டாப்பை மடக்கிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய் வருவோம். அந்த நேரத்தில் இந்த வண்டிக்கு ஈடு எதுவும் இல்லை. உப்பங்கழி வாடை, சவுக்குத் தோப்பின் இரைச்சல், யாரோ மீன் கூடையோடு ரோட்டைக் கடப்பது எல்லாம் நமக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். இன்ஜின் சத்தத்தை மீறிப் பேச வேண்டும் என்பதால் பேச்சு தானாகவே குறையும். அம்மாவும் நானும் சண்டை போடாமல் சேர்ந்து இருக்கிற நேரம் பெரும்பாலும் அதுதான். வீட்டுக்கு வந்ததும் உப்புக்காற்றுப் பட்ட வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். சோம்பல்பட்டால் மட்கார்டு ஓரங்களில் துரு மொட்டுவிடும்.

சித்திரை, வைகாசியில் வெயிலில் இதை எடுப்பது எங்களுக்கும் தண்டனை, வண்டிக்கும் தண்டனை. டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் பம்ப் சூடாகி, பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பானட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி இளகுகின்றன. பம்புக்குள் இருக்கும் டயஃப்ரமும் அப்படியே. எத்தனாலைத் தாங்குகிற ஹோஸாகத் தேடி மாற்றிக்கொண்டிருக்கிறோம். வண்டி தயாரானபோது யாரும் நினைத்துப் பார்க்காத பெட்ரோல் இது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சமீபத்தில் வீட்டுக்கு வந்த ஒருவர். பழைய கார்களைப் புதுப்பிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர், கோயம்புத்தூர்ப் பக்கம். ஹெரால்டை உள்ளும் புறமும் அறிந்தவர், பொறுமையாகப் பார்த்தார். ஒவ்வொரு இடத்தையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டே எங்கே பட்டி, எங்கே தகடு என்று சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு காயலான் ஹெரால்டின் நல்ல கூரை இருக்கிறதாம். "ஒரிஜினல் கூரையைப் பூட்டிடலாம் மேடம். பின்கண்ணாடியோட இருக்கு. தூணை நேராக்கிட்டா கதவும் உக்காந்துடும். அப்புறம் விண்டேஜ் பதிவுக்கே போடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஆனால் அது பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலேயே 'திறந்த பாடி' என்று மாற்றம் பதிவாகியிருக்கிறது. இப்படியே கொண்டுபோனால் விண்டேஜ் பதிவு கிடைப்பது சந்தேகம்தான். அந்தப் பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரிக் காரியங்களுக்குத்தான் வண்டியை ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. அம்மா வாரம் தவறாமல் தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு இதில்தான் போகிறார்.

பேசி முடித்ததும் அவர் பின்பக்கம் போனார். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் அகலமாக ஒரு பள்ளம். கையை வைத்தால் உள்ளங்கை முழுக்கப் படிந்து இறங்கும். பெயின்ட்டும் அங்கே மட்டும் மெலிந்து, கீழே இருந்த பழைய நிறம் தெரியும். மாப்பிள்ளையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக அவரை சீட்டில் உட்கார விடாமல், அந்தத் தகட்டின் மேல் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயரமாக உட்கார வைப்பார்களாம். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம்.

"இத டிங்கர் ஒரே நாள்ல தட்டி எடுத்துடுவாரு ஆன்ட்டி" என்றார்.

"வேண்டாம் தம்பி. அது இருக்கட்டும்" என்றார் அம்மா. "கூரையும் வேண்டாம். அடியில சேஸிஸ் கையெல்லாம் துரு தின்னுருக்குன்னு சொன்னீங்களே, அத மட்டும் நல்லா பண்ணிக் குடுங்க. தூணுக்கு முட்டும் குடுத்துடுங்க. எனக்கு வயசாச்சு, கதவு தொறந்துண்டா பயமா இருக்கு."

அவர் போன பிறகு நான் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். விண்டேஜ் பதிவு இருந்தால் இந்த வண்டிக்கு என் காலத்துக்குப் பிறகும் ஒரு பாதுகாப்பு இருக்குமே என்று. அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "அந்தக் கூரையோட இத யார் பாத்திருக்கா? நீ பாத்தியா, நான் பாத்தேனா? நாம பாத்த வண்டி இதுதானேடி."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அம்மா பக்கம்தான் சரி என்று இப்போது நானும் நினைக்கிறேன். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அதுதான் ஒரு வண்டியின் உண்மையான உருவம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதுப்பிப்பவர்கள் செய்வது அருமையான வேலை. மூலப் பொலிவோடு நிற்கும் ஒரு ஹெரால்டைக் கண்காட்சியில் பார்த்தால் நானும் சுற்றிச் சுற்றி வருவேன். அப்படியும் வண்டிகள் இருக்கட்டும், இருந்தே ஆக வேண்டும். ஆனால் கூரையைக் கழற்றி மாப்பிள்ளை அழைப்புக்கு விட்டதும் இந்த ஊர் இந்த வண்டியோடு வாழ்ந்த விதம்தான். அதைக் காட்ட இனி எத்தனை வண்டிகள் மிஞ்சியிருக்கும்? பூட்டினால் பூட்டிக்கொள்கிற, கழற்றினால் கழலுகிற வண்டியாகத்தானே இதைச் செய்தார்கள். ஜானவாசக்காரர் இந்த வண்டியின் சுபாவத்துக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை.

அடுத்த மாதம் வண்டி கோயம்புத்தூர் போகிறது. பாடியைக் கழற்றிவிட்டு சேஸிஸில் துருப்பிடித்த பகுதிகளை வெட்டிப் புதுத் தகடு வெல்டு செய்யப் போகிறார். கதவுத் தூண்களுக்கு, கம்பெனி கன்வெர்ட்டிபிளில் இருக்கிற மாதிரியே முட்டு. தாழ்ப்பாள் அப்படியே இருக்கும். டிரன்னியன்களைப் புதிதாக மாற்ற இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறோம். அங்கே இன்னமும் ஹெரால்டு சாமான்கள் செய்து விற்கிறார்கள். இங்கே கிடைக்காமல் அலைவது ஒன்றே ஒன்றுதான்: மெட்ராஸில் செய்த இரண்டு கதவு ஹெரால்டின் முன் கிரில், விளிம்பு நெளியாததாக. ஜி.பி. ரோடு முழுக்கக் கேட்டாயிற்று. யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.